அக்கா ஜன்னலுக்கு எதிரே ஒரு துளை

"மூடி! சீக்கிரம் ஒரு மூடி எடுத்துட்டு வாடி!"

வஃபீகா அடுப்பு மேடைமேல் முழங்காலிட்டு, சுவரில் அப்போதுதான் விழுந்திருந்த துளையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கை போதவில்லை. விரல் இடுக்கில் பகல் வெளிச்சம் பீறிட்டது.

மகள் லுஜைன் கைக்கு அகப்பட்ட பானை மூடியை நீட்டினாள். அதைத் துளைமேல் அறைந்து வைத்த பிறகுதான் வஃபீகாவுக்கு மூச்சு வந்தது.

"துளை போட்டதே காத்து போகத்தான், உம் சுஃப்யான்!" என்றார் கணவர் மிஸ்பாஹ். அங்கே பெற்றவர்களை மூத்த மகன் பெயரால்தான் கூப்பிடுவார்கள்: அம்மா 'உம்', அப்பா 'அபூ'. தலை, மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் சிமெண்ட் தூள். வாடகைக்கு எடுத்த துளை மிஷினைப் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தார்.

"காத்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"வெளியே போகுது."

"வெளியேன்னா? அகபா கடலுக்கா? நேரா எங்க அக்கா வீட்டு ஜன்னலுக்குப் போகுது!"

மிஸ்பாஹ் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் படிக்கட்டுச் சந்து. சந்தைத் தாண்டி, ஒரு முழம் உயரத்தில், நஸ்மியாவின் சமையலறை ஜன்னல். ஜன்னலில் நஸ்மியாவே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சுவரிலிருந்து வெட்டித் தள்ளிய கல் உருளை சந்துப் படிகளில் தடதடவென்று உருண்டுபோய் அவள் வாசலில்தான் நின்றிருந்தது.

மிஸ்பாஹ் மூடியைப் பழையபடி வைத்தார்.

போன வாரம் அவர் கடைவீதியிலிருந்து சிம்னிப் பெட்டியோடு வந்து இறங்கியதும், "வடக்குச் சுவர்லதான் வாய் வைப்பேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் என்னவாயிற்று?

"வடக்குச் சுவருக்குப் போகணும்னா குழாய்க்கு மூணு வளைவு," என்றார். "ஒவ்வொரு வளைவிலயும் எண்ணெய் தங்கும். தண்ணி இலாகாவுல குழாயோடயே குடும்பம் நடத்தினவன் நான். நேர் குழாய்தான் குழாய். மேற்குச் சுவருன்னா ஒரே சாண் தூரம்!"

"ஒரே சாண்ல என் மானத்தை அனுப்பிட்டீங்களே, அபூ சுஃப்யான்!"

அவள் பதறியதில் நியாயம் இருந்தது. அம்மான் நகரின் தாஜ் குன்றில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அங்கே ஓர் எழுதாத சட்டம் உண்டு. உன் அடுப்பு வாசனை எந்த வீட்டுக்குள் போகிறதோ, அந்த வீட்டுக்கு உன் தட்டும் போயாக வேண்டும். வாசனையை மட்டும் அனுப்பிவிட்டுத் தட்டை அனுப்பாதவளைக் குன்றே தூற்றும். ஆகவே சிம்னிக் குழாயின் வாயை எந்தச் சுவரில் வைப்பது என்பது காலமெல்லாம் யாருக்குப் பரிமாறப் போகிறோம் என்ற கேள்வி.

நஸ்மியாவுக்குத் தட்டு போனால், சண்டையில் முதலில் இறங்கி வந்தவள் வஃபீகா என்று ஆகிவிடும்.

மகன் சுஃப்யானின் கல்யாணத்தில் வந்த சண்டை அது. கரக்கிலிருந்து ஜமீத் வரவழைத்து, கல் மாதிரி காய்ந்த அந்த ஆட்டுத் தயிர்க் கட்டிகளைத் தன் கையாலேயே ஊறவைத்து, தேய்த்துக் கரைத்து, அதில் ஆட்டுக்கறி வேகவைத்து, ஊருக்கே மன்சஃப் சோறு போட்டாள் வஃபீகா. பெண்கள் பந்தியில் எல்லோர் கண்ணும் நஸ்மியா மேல். ஏனென்றால் அவளுடையது சாதாரண மூக்கு இல்லை. குன்றில் யார் நெய் டின் வாங்கினாலும் முதலில் அந்த மூக்குக்குத்தான் காட்டுவார்கள். அவள் தலையசைத்தால் நெய், உதட்டைப் பிதுக்கினால் அது விளக்குக்கு. கணவர் போன பிறகு, ஆர்டர் எடுத்துக் கறி அடைத்த கிப்பையும், கோதுமை மாவை உருட்டிய மஃப்தூலும் செய்து கொடுத்து அந்த மூக்கை வைத்தே கௌரவமாகப் பிழைக்கிறாள்.

அப்படிப்பட்டவள் ஒரு கவளம் வாயில் போட்டாள். மென்றாள். "ஜமீத் வாசனையே இல்லையே" என்றாள்.

அவ்வளவுதான். பந்தி முடிவதற்குள் 'பாக்கெட் தயிர் மன்சஃப்' என்ற பெயர் குன்றின் உச்சிவரை ஏறிவிட்டது. அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பேசவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை லுஜைனைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். பெரியம்மா வந்து நின்று குலவையிடாத சம்பந்தம் என்ன சம்பந்தம்? வஃபீகாவுக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. ஆனால் முதல் அடியை அவள் எடுத்து வைக்கமாட்டாள். அக்காதான் வைக்க வேண்டும்.

"சரி, துளை போட்டது போட்டாச்சு," என்றாள். "வெளியே மாட்டுறதுக்கு என்ன வாங்கி வெச்சிருக்கீங்க? காட்டுங்க."

மிஸ்பாஹ் உற்சாகமானார். எதை எடுப்பது என்று கடையில் முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வாங்கி வந்திருந்தார். பெண்ணுக்குப் பட்டுத்துணி காட்டுவதுபோல மேஜையில் பரப்பினார்.

ஒன்று துருப்பிடிக்காத எஃகில் செய்த குமிழ் மூடி. வாய் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. உள்ளே மெல்லிய தகடு ஒன்று, காற்றாடி ஓடினால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும்.

மற்றது சட்டம் போட்ட அலுமினியப் பட்டைகள். காற்று நேராகப் பாயும். புறா நுழையாமல் பின்னால் பெரிய கண் வலை. தகடு கிடையாது.

"குமிழ்தான் பாந்தம்," என்றார். "மழை உள்ளே வராது. வெளிக்காத்து திரும்பி வராது."

"வாசனை?"

"கீழே இறங்கும். சந்துக்குப் போகும்."

"அப்போ எங்க அக்கா ஜன்னலுக்குப் போகாது?"

"சந்துல இருக்கற பூனைக்குத்தான் போகும்."

"பூனைக்குத் தட்டு வெச்சா யாரும் என்னைத் தோத்தவன்னு சொல்லமாட்டாங்க. குமிழையே மாட்டுங்க."

வெளியே படிக்கட்டுச் சந்தில் சுவரோடு ஏணி நின்றது. லுஜைன் ஏணிக் காலைப் பிடிக்க, மிஸ்பாஹ் மேலே ஏறினார். குழாயை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக இறக்கினார். சுற்றிலும் சிமெண்ட் அப்பினார். குமிழின் விளிம்பில் கேக்குக்குக் க்ரீம் வைப்பதுபோல சிலிக்கான் பசையை வளைத்து வளைத்துப் பிழிந்தார்.

உள்ளே வஃபீகா காதைச் சுவரோடு ஒட்டி நின்றாள். மாட்டி முடிக்காத குழாய் ஒலிபெருக்கிபோல வேலை செய்தது.

"கஷ்டமான வேலை, அபூ சுஃப்யான்," என்றது அக்காவின் குரல். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவள் கேட்கும் அக்காவின் குரல். "வெயில்ல நிக்கறீங்க. ஒரு டீ?"

"வேண்டாம் நஸ்மியா, உன் தங்கச்சி..."

"அவளுக்குத் தெரியவா போகுது?"

கோப்பை உரசும் சத்தம். உறிஞ்சும் சத்தம். பிறகு ஓர் இருமல்.

மிஸ்பாஹ் இறங்கி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கையில் பாதிக் கோப்பை.

"குடிச்சீங்க இல்ல? எதிரி வீட்டு டீயை ஏணியில நின்னுக்கிட்டே குடிச்சீங்க இல்ல?"

"குடிச்சதுக்குத் தண்டனை உடனே கிடைச்சிருச்சு. இந்தா, நீயே மோந்து பாரு."

வஃபீகா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். அடியில் பச்சை இலைகள் ஊறிக் கொழகொழவென்று கிடந்தன.

"இது புதினா இல்ல," என்றாள் மெதுவாக. "காஞ்ச முலுக்கியாக் கீரை. குழம்புக் கீரையைப் போட்டு டீ கொடுத்திருக்கா!"

லுஜைன் சட்டென்று கோப்பையைப் பறித்துத் தொட்டியில் கொட்டினாள். "ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்திருக்கும், யம்மா. காலா கை மாறிப் போட்டிருப்பாங்க." பெரியம்மாவை அவள் கூப்பிடுவது 'காலா' என்று.

"யாரு? நஸ்மியாவா? மூடின டப்பாவுக்குள்ள இருக்கறது எந்த வருஷத்துப் புதினான்னு சொல்றவ அவ! கை மாறிச்சாம் கை! இது திமிரு. என் வீட்டு ஆம்பளைக்குக் குழம்பு டீ கொடுத்து என்னை நக்கல் பண்றா."

"யம்மா, நான் சொல்றதக் கேளு..."

"நீ என்ன சொல்லப்போற?"

லுஜைன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். பத்துப் பேர் ஒரே நேரத்தில் மருந்து கேட்டாலும் தடுமாறாதவள். இன்று காலையிலிருந்து எதையோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

"அபூ சுஃப்யான்! அந்தக் குமிழைக் கழட்டுங்க."

"என்னது? பசை இன்னும் காயவே இல்ல!"

"அதான் நல்லது, சுலபமா வரும். பட்டை வெச்சது இருக்கே, நேராப் பாயுமே, அதை மாட்டுங்க. சந்துக்கு வேண்டாம். அவ ஜன்னலுக்கே போகட்டும். யாரு வீட்டுச் சமையல்ல வாசனை இல்லைன்னு இன்னிக்குத் தெரியட்டும்."

"அதுல தடுப்புத் தகடு கிடையாது, உம் சுஃப்யான்," என்று மிஸ்பாஹ் மன்றாடினார். "காத்தாடி ஓடுறப்போ நாம அனுப்புறது அங்க போகும். நிறுத்திட்டா, அங்க இருக்கறது இங்க வரும்."

"வரட்டுமே. அவ சமையல்ல என்ன இருக்குன்னு நானும் பாக்குறேன்."

தேடி அலைந்து வாங்கிய குமிழை மனிதர் ஈரப் பசையோடு பிய்த்தெடுத்தபோது, பல் பிடுங்குவது அவருக்குத்தானோ என்று தோன்றியது.

பிறகு போர் தொடங்கியது.

முதல் தாக்குதல் வெங்காயம். மலைபோல வெங்காயம் நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் வதக்கி, புளிப்பான சுமாக் பொடியைத் தாராளமாகக் கொட்டிக் கிளறினாள். காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாள். பட்டைகள் வழியாக வாசனை அம்பு மாதிரி பாய்ந்தது. பிறகு கோழியை வாட்டினாள். ரொட்டிமேல் வெங்காயத்தைப் பரப்பிக் கோழியை ஏற்றி முஸக்கான் செய்து அடுப்பில் தள்ளினாள். கடைசியாக, பக்கத்து அடுப்பில் முலுக்கியாக் குழம்பு. பூண்டும் கொத்தமல்லியும் நெய்யில் சிவந்து குழம்பில் விழுந்து 'ஷ்ஷ்' என்றபோது குன்றே ஒருகணம் தலையைத் திருப்பியது.

"யா உம் சுஃப்யான்!" மாடியில் புறா வளர்க்கும் அபூ கைஸ் மேலிருந்து கூவினார். "என் புறாவெல்லாம் இறங்க மாட்டேங்குது! உன் வீட்டு மேலேயே சுத்துது! எனக்கும் ஒரு தட்டு உண்டா?"

"உண்டு, உண்டு!"

பூனைகள் படிக்கட்டில் வரிசை கட்டின. கீழ்வீட்டிலிருந்து ஒரு வெற்றுத்தட்டு தானே ஏறி வந்தது. எல்லோருக்கும் அள்ளி வைத்தாள்.

நஸ்மியாவின் ஜன்னல் மட்டும் அசையவில்லை.

வஃபீகா பட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். அக்கா நிதானமாக மஃப்தூல் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. புகையெல்லாம் அவள் முக்காட்டைத் தொட்டுக்கொண்டு போனது.

"என்ன நடிப்பு, பாத்தியா? செத்த பிணம் எழுந்து உக்காரும் இந்த வாசனைக்கு!"

"விடு, யம்மா. காலா ஜன்னலைச் சாத்தமாட்டாங்க," என்றாள் லுஜைன் தரையைப் பார்த்தபடி. "நீ என்ன சமைச்சாலும் சாத்தமாட்டாங்க."

"ஏன்?"

லுஜைன் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

மேஜை ஓரத்தில் ஒரு தட்டு தனியாக மூடி வைத்திருந்தது. கோழியின் நல்ல பாகம், ஓரம் மொறுமொறுத்த ரொட்டி, மேலே வறுத்த பாதாம். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. வஃபீகா தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா ஜன்னலைப் படாரென்று சாத்தினால் போதும். ஒரு தும்மல் தும்மினால் போதும். 'வாசனை வந்துச்சு' என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு தட்டை அனுப்பலாம். இறங்கி வந்ததாக ஆகாது. சட்டப்படி அனுப்பியதாக ஆகும்.

ஆனால் ஒரு தும்மல்கூட வரவில்லை.

சாயங்காலம் கேஸ் வண்டி தன் பழைய பியானோ மெட்டைப் பாடிக்கொண்டு குன்றேறி வந்தது. நஸ்மியா ஜன்னலிலிருந்து கூவி ஒரு சிலிண்டர் வாங்கினாள். கொண்டுவந்தவன் வாசலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான். அவளே உருட்டிக்கொண்டு உள்ளே போவதை வஃபீகா பட்டை வழியாகப் பார்த்தாள். உதவிக்குப் போகலாமா என்று கால் ஒருதரம் துடித்தது. காலை அடக்கினாள்.

மிஸ்பாஹ் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். வஃபீகா அடுப்பையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டு, ஆறிப்போன அந்தத் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள். மேற்கே காற்று எழுந்தது.

முதலில் அது தன் வீட்டு அடுப்பு என்றுதான் நினைத்தாள். எழுந்துபோய்த் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் மூடியிருந்தன. சிலிண்டரும் மூடியிருந்தது. வாசனை மட்டும் கூடிக்கொண்டே போனது. அழுகிய முட்டை மாதிரி, நெஞ்சை அடைக்கிற கேஸ் வாசனை.

சிம்னியின் அடியில் முகத்தைக் கொண்டுபோனாள். அங்கேதான் அதிகம்.

மேற்குச் சுவர். பட்டைகள். அங்கே இருப்பது இங்கே வரும்.

கண்ணை வைத்துப் பார்த்தாள். எதிர் ஜன்னலில் நஸ்மியா மஃப்தூல் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

காற்று அந்தக் குரலை வீட்டுக்குள்ளேயே திருப்பி எறிந்தது.

செருப்பு போடவில்லை. முக்காடு நழுவியது. படிகளில் பூனைகள் சிதறி ஓடின. எத்தனையோ மாதமாக மிதிக்காத வாசலில், காலையில் உருண்டு வந்த கல் உருளையில் கால் இடறி, கதவோடு உள்ளே போய் விழுந்தாள். எழுந்தாள். அக்காவின் விரல்களில் தீக்குச்சி. பெட்டியின் ஓரத்தில் அது உரசப் போகிற நேரம்.

"வேண்டாம்!"

ஒரே அடி. தீப்பெட்டி பறந்துபோய் மஃப்தூல் மாவுக்குள் புதைந்தது.

"பைத்தியமா நீ?" என்று நஸ்மியா கத்தினாள். "இத்தனை மாசம் கழிச்சு வந்து, ஆர்டர் மாவுல..."

வஃபீகா பாய்ந்தாள். சிலிண்டர் திருகை இறுக்கி மூடினாள். இருக்கிற ஜன்னல், கதவெல்லாம் திறந்துவிட்டாள். விளக்குப் பொத்தானுக்கு நீண்ட அக்காவின் கையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் சுவரில் சாய்ந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. ரத்தம் கசிந்தது.

"கேஸ் ஒழுகுது," என்றாள். "சந்தைத் தாண்டி என் சுவருக்குள்ள வந்து என்னைப் பிடிச்சு உலுக்குது. நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு..."

நஸ்மியா மாவை வெறித்துப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலையா, அக்கா?"

நஸ்மியா மாவில் புதைந்த தீப்பெட்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

வஃபீகாவின் மனதில் அன்றைய பகல் முழுவதும் பின்னோக்கி ஓடியது. மூடாத ஜன்னல். சுளிக்காத மூக்கு. கோப்பையில் முலுக்கியா. அலமாரியிலிருந்து ஏலக்காய் போட்ட காப்பிப் பொடி டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"இது என்ன?"

"காப்பி. கண்ணு தெரியாதா எனக்கு?"

"கண்ணை மூடிக்கோ."

நஸ்மியா மூடினாள். வஃபீகா சத்தமில்லாமல் டப்பாவை மாற்றிச் சீரகத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்போ என்ன?"

நஸ்மியா ஆழமாக மூச்சிழுத்தாள். மறுபடி இழுத்தாள். மூடிய இமைகளுக்கு அடியில் கண்ணீர் திரண்டது.

"காப்பி," என்றாள்.

வாசலில் மூச்சிரைக்க லுஜைன் நின்றிருந்தாள். கையில், மூடிவைத்த அந்தத் தட்டு.

"என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க, யம்மா. நானும் எல்லாச் சொட்டு மருந்தும் கொடுத்துப் பாத்துட்டேன். வெளியே தெரிஞ்சா ஒரு ஆர்டர்கூட வராதுன்னு..."

"எப்போலேர்ந்து?"

"அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து," என்றாள் நஸ்மியா.

"அப்போ இவ்வளவு நாளும் ஊர் நெய்யை மோந்து தீர்ப்பு சொன்னியே?"

"நெய்யையா பாத்தேன்? கொண்டு வர்றவ மூஞ்சியைப் பாத்தேன். நல்ல நெய்யின்னா நிமிர்ந்து நிப்பா. கலப்படம்னா தரையைப் பாப்பா. ஒருதரம்கூடத் தப்பினதில்ல."

வஃபீகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ என் மூஞ்சி? அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க பந்திக்கு வந்த? அடுப்படியிலேயே நின்ன. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு இருக்காங்க. மோந்து மோந்து பாக்குறேன், ஒண்ணுமே வரல. பயத்துல வாய் தவறி நிஜம் வந்துருச்சு." அக்கா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"உன் மன்சஃப் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, வஃபீகா."